குன்னூர் ஸ்டேஷனுக்கு சீரியல் செட் வேண்டாம்!



நம் அறிவியல் மன்றம் கண்காட்சிக்காகச் செய்யும் ஊட்டி மலை ரயில் மாதிரி முக்கால்வாசி முடிந்துவிட்டது. மலை, பாலம், குன்னூர் ஸ்டேஷன் எல்லாம் ரெடி. இனி விளக்குதான் பாக்கி. அதில்தான் சண்டையே! "கலர் கலரா மின்னுற சீரியல் செட் போட்டாத்தான் நடுவர் நம்ம பக்கம் திரும்புவார்"னு மன்றத்தில் பாதிப் பேர் சொல்றாங்க. எனக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை.

முதலில் பாதுகாப்பு. பண்டிகைக்கு வாங்குகிற சீரியல் செட் பெரும்பாலும் நேராக 230 வோல்ட்டில் எரிவது. பல்ப் சின்னதா இருக்கு, ஷாக் அடிக்காதுன்னு நினைக்கக் கூடாது. நம் மலையோ தெர்மகோல். பார்க்க வரும் 6-ஆம் வகுப்புத் தம்பிகள் கை வைக்காமல் போவார்களா? இதை ஆசிரியர்கள் அனுமதிக்கவே கூடாது என்பது என் கருத்து. ஒரு 9 வோல்ட் அடாப்டரும் தனித்தனி எல்.இ.டி.களும் நமக்குப் போதும்.

அடுத்தது நிறம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1899-இல். ஊட்டியை எட்டியது 1908-இல். நாம் காட்டுவது நீராவி எஞ்சின் நிற்கும் அந்தக் காலத்து ஸ்டேஷன். எண்ணெய் விளக்கோ குண்டு பல்போ, எதுவானாலும் மஞ்சள் வெளிச்சம்தான். கடையில் சும்மா "வெள்ளை எல்.இ.டி."னு கேட்டால் நீலம் அடிக்கும் கூல் ஒயிட்டை நீட்டுவார்கள். அதைப் போட்டால் ஸ்டேஷன் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிடும்! வார்ம் ஒயிட், 2700 முதல் 3000 கெல்வின் என்று கேட்டு வாங்க வேண்டும். (வெள்ளை எல்.இ.டி.க்குள் இருப்பது நீல எல்.இ.டி.தான், மேலே மஞ்சள் பாஸ்பர் பூச்சு. அந்த நீலத்துக்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல். குவிஸ் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.) சிவப்பும் பச்சையும் வேண்டவே வேண்டாம்னு நான் சொல்லலை. சிக்னலுக்கும் கடைசிப் பெட்டிக்கும் போட்டால் அழகு.

அளவையும் யாரும் யோசிக்கவில்லை. நம் எஞ்சின் நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. வழக்கமாகக் கிடைக்கும் 5 மி.மீ. எல்.இ.டி.யை 87-ஆல் பெருக்குங்கள்: 435 மி.மீ.! பிளாட்பாரக் கம்பத்தில் சாம்பார் அண்டாவைத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். கம்பத்துக்கு 3 மி.மீ. வாங்கலாம். 5 மி.மீ. கட்டடத்துக்குள் ஒளிந்துகொள்ளட்டும். ஆனால் தெர்மகோல் சுவர் வழியாக வெளிச்சம் கசியும், அதனால் உள்பக்கம் கறுப்பு பெயின்ட் அடித்த பிறகே பல்ப் மாட்ட வேண்டும்.

பிரகாசம் கூடினால்தான் நல்லது என்பதும் தப்பு. வெள்ளை எல்.இ.டி. சுமார் 3 வோல்ட் எடுக்கும், மீதி 6 வோல்ட். 330 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 18 மில்லி ஆம்பியர் பாயும், கண் கூசும். 2.2 கிலோ ஓம் போட்டால் 3 மில்லி ஆம்பியருக்கும் குறைவு, சாயங்கால ஸ்டேஷனுக்கு அதுவே தாராளம். ஒவ்வொரு பல்புக்கும் தனி ரெசிஸ்டர் முக்கியம். செலவு மிச்சம்னு சிவப்பையும் வெள்ளையையும் பக்கவாட்டில் இணைத்து ஒரே ரெசிஸ்டர் கொடுத்தால், 2 வோல்ட்டிலேயே எரியும் சிவப்பு கரண்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும், வெள்ளை எரியவே எரியாது.

தண்டவாளத்திலிருந்தே கரண்ட் எடுக்கலாம்னும் ஒரு யோசனை வந்தது. நம் கன்ட்ரோலர் வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைத்துத்தான் வண்டியை ஓட்டுகிறது. ஆக, ரயில் வந்து நிற்கும்போது ஸ்டேஷனே இருட்டாகிவிடும்! நல்ல ஸ்டேஷன் போங்க!

வெள்ளிக்கிழமை மன்றக் கூட்டத்தில் ஓட்டு எடுக்கப் போகிறார்கள். அதற்கு முன் மதிய இடைவேளையில் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு வாங்க. ஸ்டேஷனின் ஒரு பக்கம் கூல் ஒயிட், மறுபக்கம் வார்ம் ஒயிட் மாட்டி வைத்திருக்கிறேன். ஜன்னலைச் சாத்திவிட்டுப் பார்த்துட்டு, அப்புறம் கையைத் தூக்குங்க.

– 11-ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன்