உடுப்பதில் ஒரு நெறி

சேலத்தினின்று ஏற்காட்டு மலைக்குச் செல்லும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றைக் கடந்து மேலே செல்லச் செல்ல, பயணிகளின் உடையும் மாறிக்கொண்டே வருதலைக் காணலாம். அடிவாரத்தில் வேட்டியும் மெல்லிய சட்டையும் அணிந்திருந்த முதியவர், பாதிவழியில் துண்டினால் காதுகளை மூடிக்கொள்கிறார். ஊரை அடைந்ததும் வேட்டியின்மேல் கம்பளிச் சட்டை ஏறிவிடுகிறது. சேலத்தைவிட ஏற்காடு ஏறத்தாழ 1,200 மீட்டர் உயர்ந்தது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு பாகைக்குமேல் வெப்பம் குறையும். ஆதலின் கீழே போதுமாயிருந்த உடை மேலே போதாமற் போகின்றது.

வேட்டிக்குமேல் கம்பளிச் சட்டையா என்று நகைப்பாரும் உளர். அவர்கள் அம்மலையின் காப்பித் தோட்டங்களைச் சற்றே உற்று நோக்குதல் நன்று. சேர்வராயன் மலையிற் காப்பியே வேற்று நாட்டிலிருந்து வந்த பயிர்தான்; 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பார் அதனை அங்கே கொணர்ந்தார். காப்பிப்பழம் பறிக்கும் பெண்கள் சேலை உடுத்து, அதன்மேல் ஆடவர் அணியும் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்கின்றனர். தலையில் ஒரு துணியைச் சுற்றிக்கொள்கின்றனர். இடுப்பிற் பையொன்று தொங்குகின்றது. சட்டை, கிளை கீறாமலும் எறும்பு கடியாமலும் கைகளைக் காக்கும். தலைத்துணி பனியைத் தாங்கும். பறித்த பழம் பையிற் சேரும். இவ்வுடையை வகுத்துக் கொடுத்த தையற்கலைஞர் எவருமிலர். வீட்டில் உள்ளவற்றுள் வேண்டியதை வேண்டிய இடத்தில் வைத்து அவர்களே அமைத்துக்கொண்டது அது. ஏன் இதனை அணிந்தாய் என்று வினவினால், ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் விடை உண்டு. விடை சொல்லவல்ல உடையே ஒருவருக்குச் சொந்த உடை எனத் தகும்.

உடையிற் கலப்புக் கூடாது என்போர் தமிழ்ச் சொற்களையேனும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அறுத்தெடுக்கப்பட்டமையின் அறுவை, துணிக்கப்பட்டமையின் துணி. இவை நம் தறியிற் பிறந்த சொற்கள். ஆனால் ஆடைக்குக் கலிங்கம் என்றும் ஒரு பெயர் உண்டு. அது கலிங்க நாட்டிலிருந்து வந்த துணியால் ஏற்பட்ட பெயர் என்பர். பிறநாட்டு வீரர் அணிந்த சட்டையை முல்லைப்பாட்டு மெய்ப்பை என்று வழங்குகின்றது. மெய்யை இட்டு வைக்கும் பை! எத்துணை அழகிய சொல். வேற்றார் உடையைக் கண்டு முன்னோர் அஞ்சவில்லை. அதற்குப் பெயர் சூட்டினர்.

பாரதியார் 1898-இல் காசிக்குச் சென்று சில ஆண்டுகள் பயின்றார். அவருடைய தலைப்பாகையும் மீசையும் அங்குப் பழகியவை, கறுப்புக் கோட்டு மேனாட்டினது, வேட்டி தமிழகத்தது. மூன்று திசையின் பொருள்கள் ஓருடலிற் கூடின. ஆயினும் அவ்வுருவத்தைக் காண்பார் எவரும் பாரதி என்பரேயன்றி வேறு கூறார். பள்ளி விழாக்களில் அவ்வாறே தலைப்பாகை கட்டிக்கொள்ளும் சிறுவனுக்கு அது வேடமாகவே நிற்கின்றது. பிறரைப் பார்த்து அப்படியே உடுத்துவதும் அத்தகையதே. சித்திரை வெயிலிற் சேலத்துக் கடைத்தெருவில் தடித்த கோட்டணிந்து வேர்ப்பவனிடம் காரணம் கேட்டால், நண்பன் அணிந்தான் என்பான். அதற்காகத் தந்தை கடன்பட்டிருப்பாராயின், அஃது இரங்கத்தக்கது.

இவ்வகையில் காந்தியடிகளின் வாழ்வு ஆராய்தற்குரியது. 1888-இல் இலண்டனுக்குச் சட்டம் பயிலச் சென்ற அவர், பத்துப் பவுன் செலவிட்டு மாலைநேர உடையொன்று தைத்துக்கொண்டார். கழுத்துப்பட்டை கட்டுதற்கு நாள்தோறும் பெரிய கண்ணாடிமுன் பத்து நிமிடம் நின்றார். அது கண்டதைப் பின்பற்றிய காலம். 1893-இல் டர்பன் நீதிமன்றத்திற்கு நீண்ட கோட்டும் தலைப்பாகையுமாகச் சென்றார். தலைப்பாகையைக் கழற்றுமாறு நீதிபதி பணித்தபோது, கழற்றாது வெளியேறினார். கோட்டு இரவல்; தலைப்பாகை மானம். 1913-இல் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்ட ஒப்பந்தத் தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டபோது, துயரத்தின் அடையாளமாக அத்தொழிலாளர் உடையையே மேற்கொண்டார். அவர்களுட் பலர் தமிழர்.

இறுதி மாற்றம் மதுரையில் நிகழ்ந்தது. அந்நியத் துணியை விடுமாறு மக்களை வேண்டிவந்த அவர், கதர் வாங்கவும் பொருளற்ற ஏழைகளைக் கண்டார். அவர்கள் வேறெதை உடுத்துவர்? 1921 செப்டம்பர் 22 அன்று குல்லாயையும் சட்டையையும் நீக்கி, முழங்கால் அளவான துணியை மட்டும் உடுத்தார். பாரதியார் மறைந்து பதினொரு நாள்களே ஆகியிருந்தன. அக்டோபர் 31 வரையிலேனும் அவ்வாறிருப்பதாகவே முதலில் அறிவித்தார். வாழ்நாள் முழுதும் அதுவே நிலைத்தது. உடலைக் காக்க வேண்டுமிடத்து ஒரு போர்வை கொள்வதென்றும் அவ்வறிவிப்பிற் குறித்திருந்தார்; கொள்கையுடையார் பலர்க்கு இத்தகைய தெளிவு வாய்ப்பதில்லை.

1931-இல் வட்டமேசை மாநாட்டிற்காக இலண்டன் சென்றபோது, மன்னர் அரண்மனை விருந்திற்கும் அவர் அத்துணியோடே சென்றார். மதுரையிற் சொல்லியிருந்தபடியே, குளிருக்கு ஒரு போர்வை தோளில் இருந்தது.