காதர்பேட்டை செகண்ட்ஸ் முதல் கூப்பன் கணக்கு வரை... துணிச் செலவில் மிச்சம் பிடிக்கலாம் வாங்க!

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவையிலிருந்து திருப்பூர் போகும் ரயிலில் ஏறிப் பாருங்கள். மடித்து வைத்த காலிப் பையோடு நாலைந்து குடும்பங்களாவது உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் திரும்பும்போது மடியில் ஒரு பை, காலடியில் இரண்டு பை. 50 கிலோமீட்டர் தூரம் போய் வருகிறார்கள் என்றால் காரணம் ஒன்றுதான். திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் காதர்பேட்டை!

"ஏனுங்கண்ணா, கடைசியா என்ன வெலைக்குக் குடுப்பீங்க?"

"கட்டுப்படியாகாதுங்க அக்கா. இதுவே அடக்க வெலைக்குக் கீழதானுங்க!"

இந்தப் பேச்சு காதில் விழாமல் காதர்பேட்டையில் ஒரு தெருவைக்கூடக் கடக்க முடியாது. டி-ஷர்ட், லெக்கிங்ஸ், நைட் பேன்ட், குழந்தைகளுக்கான உடைகள் எனக் கடைக்குக் கடை குவிந்து கிடக்கும். கேரளா, கர்நாடகா, ஆந்திரா வியாபாரிகள் மொத்தமாக மூட்டை கட்டிக்கொண்டு போக, நம்மூர்க் குடும்பங்கள் சில்லறையில் அள்ளிக்கொண்டு போகும்.

ஆனால், மலிவாக வாங்கியதெல்லாம் மிச்சம் ஆகிவிடுமா? ஐந்து முறை துவைத்ததும் கோணிக்கொண்டு, வீடு துடைக்கப் போன டி-ஷர்ட் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது! நோம்பிக்குத் துணி எடுக்கக் கிளம்பும் முன் கொஞ்சம் விவரம் தெரிந்துகொள்வோம்.

செகண்ட்ஸ் எங்கிருந்து வருகிறது?

1978-ல் இத்தாலியிலிருந்து வந்த ஒரு வியாபாரி வெள்ளை டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் கொடுத்ததில்தான் திருப்பூரின் ஏற்றுமதி தொடங்கியது என்று அங்கே சொல்வார்கள். அதற்கு முன்பு உள்நாட்டுக்கு பனியன் தைத்த ஊர், இன்று உலகின் பெரிய பிராண்டுகளுக்குத் தைக்கிறது.

10,000 பீஸுக்கு ஆர்டர் வந்தால், கம்பெனியில் சரியாக 10,000 மட்டும் வெட்ட மாட்டார்கள். சாயத்தில், தையலில், செக்கிங்கில் கொஞ்சம் கழியும் என்பதால் கூடுதலாகவே வெட்டுவார்கள். ஷிப்மென்ட் போன பிறகு மீதி நிற்கும் நல்ல பீஸ்தான் 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்'. செக்கிங்கில் கழித்துப் போட்டது 'செகண்ட்ஸ்'. ஆர்டரே ரத்தாகி, மொத்தமாகத் தேங்கிப் போனதை 'ஸ்டாக் லாட்' என்பார்கள்.

இதில் கடைசி வகைக்குப் பின்னால் ஒரு வலி இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவிகித வரி விதித்தபோது, திருப்பூரில் பல ஆர்டர்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அனுப்ப முடியாத சரக்கு கிடைத்த விலைக்குக் கைமாறும். நமக்குக் கிடைக்கும் மலிவு சில நேரம் யாரோ ஒருவருடைய நஷ்டம், யாரோ ஒரு டெய்லருடைய குறைந்துபோன ஷிஃப்ட். பேரம் பேசுங்கள். ஆனால், கடைக்காரர் 'கட்டுப்படியாகாது' என்று சொல்வதில் எப்போதும் பொய் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

கையில் எடுத்ததும் என்ன பார்க்கணும்?

செகண்ட்ஸில் இரண்டு வகைக் குறை உண்டு. கண்டுகொள்ளத் தேவையில்லாத குறை, காசைக் கரியாக்கும் குறை.

அளவு அரை இன்ச் முன்னே பின்னே இருப்பது, லேபிளில் எழுத்துப் பிழை, பிரின்ட் ஒரு நூல் தள்ளியிருப்பது, ஒரு பீஸுக்கும் இன்னொரு பீஸுக்கும் நிறம் லேசாக மாறுவது எல்லாம் முதல் வகை. வெளிநாட்டுக்காரர் கழித்துவிடுவார். நம் வீட்டுப் பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. தாராளமாக வாங்கலாம்.

இரண்டாவது வகைக்கு இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள்.

* வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தையல் ஓரத்தில் ஊசி போட்ட சின்ன ஓட்டைகள் தெரிந்தால் வேண்டாம். பின்னல் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் போதும், துவைக்கத் துவைக்க ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும்.

* பக்கத் தையலைப் பாருங்கள். டி-ஷர்ட்டைத் தோளில் பிடித்துத் தொங்கவிட்டால் பக்கத் தையல் நேராக இறங்க வேண்டும். இப்போதே முன்பக்கமாகத் திரும்பியிருந்தால், நாலு துவையலில் முழுசாகக் கோணிவிடும்.

* ஈரக் கைக்குட்டையால் தேயுங்கள். அடர் நீலம், சிவப்பு, கறுப்புத் துணிகளை உள்பக்கம் தேய்த்துப் பார்த்தால் சாயம் போகுமா என்று தெரிந்துவிடும்.

* இழுத்து விடுங்கள். கழுத்துப் பட்டியை இழுத்துவிட்டதும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். தொளதொளவென நின்றால் அந்த பீஸ் வேண்டாம்.

* சின்னக் குழந்தைகளுக்கு கழுத்தில் நாடா தொங்கும் ஹூடி, கையால் இழுத்தாலே ஆடும் பட்டன், உதிரும் மணி வைத்த உடைகளைத் தவிருங்கள். இது பணத்தைவிடப் பெரிய விஷயம்.

'ஒரிஜினல் பிராண்டு' என்ற பேச்சுக்கு மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். உண்மையான சர்ப்ளஸில் பெரும்பாலும் லேபிளை வெட்டியோ, பேனாவால் அடித்தோ இருப்பார்கள். பளபளவென்று புது லேபிளோடு பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுவது நல்லது. துணிக்குக் காசு கொடுங்கள், பெயருக்கு வேண்டாம்.

ஈரோடு செவ்வாய், ஆடித் தள்ளுபடி

பனியனுக்குத் திருப்பூர் என்றால், புடவை, வேட்டி, லுங்கி, துண்டு, பெட்ஷீட்டுக்கு ஈரோடு. பன்னீர்செல்வம் பார்க் அருகே கனி மார்க்கெட் வாரச் சந்தை திங்கட்கிழமை இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கும். மொத்த வியாபாரம்தான் முக்கியம் என்றாலும் சில்லறைக்கும் கிடைக்கும். அக்கம்பக்கத்து வீடுகள் மூன்று, நான்கு சேர்ந்து போய் ஒரே ரகத்தில் டஜன் கணக்கில் எடுத்துப் பிரித்துக்கொண்டால், பேரத்தில் நம் கை ஓங்கும்.

ஆடித் தள்ளுபடிக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஜவுளிக் கடையில் கூட்டம் குறையும். தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதற்குள் பழைய ஸ்டாக்கைக் கரைத்தாக வேண்டும். அதனால் பேஷன் மாறாத துணிகளை, அதாவது வேட்டி, உள்ளாடை, பள்ளிச் சீருடைத் துணி, போர்வை போன்றவற்றை ஆடியில் வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். கைத்தறி பிரியர்களுக்குக் கோ-ஆப்டெக்ஸின் தீபாவளித் தள்ளுபடி இருக்கவே இருக்கிறது.

வரிக் கணக்கும் தெரிந்திருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு ஜி.எஸ்.டி 5 சதவிகிதம்தான். அதற்கு மேல் போனால் 18 சதவிகிதம். எம்.ஆர்.பி அச்சிட்ட துணி என்றால், அந்த விலையிலேயே வரி அடக்கம்.

பில் கேட்டு வாங்குங்கள். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள் அல்லது அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ஆனால், 'இது செகண்ட்ஸ்' என்று சொல்லி விற்றதை அந்தக் குறைக்காகவே திருப்பிக் கொடுக்கப் போவது எடுபடாது.

கூப்பன் யாருக்கு லாபம்?

உங்களுக்கு வேண்டியது 1,200 ரூபாய்த் துணி. ஆப்பில் கூட்டிப் பார்க்கும்போது '1,499 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 200 ரூபாய் தள்ளுபடி' என்று ஒரு கூப்பன் கண் சிமிட்டுகிறது. 350 ரூபாய்க்கு ஒரு லெக்கிங்ஸைச் சேர்க்கிறீர்கள். மொத்தம் 1,550. கூப்பன் போக 1,350. '200 ரூபாய் மிச்சம்!' என்று திரையில் பட்டாசு வெடிக்கிறது. நிஜத்தில் 150 ரூபாய் கூடுதலாகச் செலவாகியிருக்கிறது. அந்த லெக்கிங்ஸ் தேவைப்பட்டிருந்தால் லாபம்தான். தேவைப்படவில்லை என்றால்?

'இன்னும் 2 பீஸ்தான் இருக்கு', '10 நிமிடத்தில் ஆஃபர் முடியும்' என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, கடைசிப் பக்கத்தில் புதுக் கட்டணம் காட்டுவது... இப்படி 13 தந்திரங்களைப் பட்டியலிட்டு, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்திருக்கிறது. இப்படி ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

ஓர் எளிய வழி: கூடையில் போட்டதை ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிடுங்கள். காலையிலும் அது வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள்.

விலையை வைத்து மட்டும் முடிவெடுக்காமல், எத்தனை முறை உடுத்துவோம் என்றும் கணக்குப் போடுங்கள். 150 ரூபாய் டி-ஷர்ட் 5 முறையில் வீணானால், ஒரு முறை உடுத்த 30 ரூபாய். 300 ரூபாய் டி-ஷர்ட் 60 முறை உழைத்தால், ஒரு முறைக்கு 5 ரூபாய்தான்.

பீரோவில் தூங்கும் பணம்

பழைய துணி என்றால் நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். ஆனால், பிறந்த குழந்தையை முதலில் எதில் சுற்றுகிறோம்? பாட்டியின் நைந்த சேலையில்தானே! துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணிதான் பிஞ்சு உடம்புக்கு நல்லது என்பது நம்மவர்களுக்கு எப்போதோ தெரியும். அக்கா பாவாடை தங்கைக்குப் போவதும், பெரியப்பா மகன் சட்டை சித்தப்பா மகனுக்கு வருவதும் புதுசில்லை. அதையே இன்று வாட்ஸ்அப் குரூப்பில் விலைக்குக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

சீக்கிரம் கைமாறுவது குழந்தைகளின் விசேஷ உடைகள், தனியார் பள்ளிச் சீருடைகள், இரண்டு முறை மட்டுமே கட்டிய புடவைகள், லெஹங்கா. துவைத்து, இஸ்திரி போட்டு, பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். கறை, கிழிசல் இருந்தால் அதையும் படத்தில் காட்டுங்கள். பள்ளிச் சீருடையை ஜூனுக்கு முன்பும், விசேஷத் துணியைத் தை மாத முகூர்த்தத்துக்கு முன்பும் போட்டால் கேட்பார் அதிகம்.

பழைய பட்டுப்புடவையில் கூடுதல் கவனம் வேண்டும். அசல் ஜரிகை என்பது நூலின் மேல் வெள்ளி இழை சுற்றி, தங்க முலாம் பூசியது. பாட்டி காலத்துப் பட்டில் அது இருக்க வாய்ப்பு அதிகம். வாசலுக்கு வருபவர் சொல்லும் முதல் விலைக்குக் கொடுத்துவிடாமல், இரண்டு மூன்று இடங்களில் விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.

ஆன்லைனில் விற்கும்போது இன்னோர் எச்சரிக்கை. 'பணம் அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்' என்று யாராவது சொன்னால் உடனே பேச்சை நிறுத்துங்கள். பணம் கொடுக்கத்தான் யு.பி.ஐ பின் வேண்டும், வாங்குவதற்குத் தேவையே இல்லை. பணம் பறிபோய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

விற்கவே முடியாத கிழிசல் துணியும் குப்பை இல்லை. பாத்திரக்காரர் எடுத்துக்கொள்வார். பனியன் கம்பெனியில் வெட்டி விழும் துண்டுத் துணிகூட நம் பகுதி ஓ.இ. மில்களில் மறுபடி நூலாகி, பெட்ஷீட்டாகவும் கால்மிதியாகவும் திரும்பி வருகிறது. கம்பெனிக்காரரே வீணாக்காததை நாம் ஏன் வீணாக்க வேண்டும்?

மிச்சம் எங்கே போச்சு?

பில்லின் அடியில் 'நீங்கள் சேமித்தது ரூ.1,200' என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த 1,200 ரூபாய் எங்கே இருக்கிறது என்று வீட்டில் தேடினால் கிடைக்காது. ஏனென்றால், அது பெரும்பாலும் இன்னொரு துணியாக அதே பைக்குள் வந்திருக்கும்!

போனஸ் கையில் வந்ததும் முதலில் பீரோவைத் திறந்து, யாருக்கு என்ன இல்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதற்கு எதிரே கடை விலையில் ஒரு தொகையை எழுதுங்கள். 6,000 ரூபாய் ஆகும் என்று எழுதியது, காதர்பேட்டையில் 4,000 ரூபாயில் முடிந்ததா? மீதி 2,000 ரூபாயை அன்றைக்கே தனியாக எடுத்துவிடுங்கள். தபால் அலுவலகத்தில் மாதம் 100 ரூபாயிலேயே ஆர்.டி தொடங்கலாம். வீட்டில் 10 வயதுக்குட்பட்ட பெண் குழந்தை இருந்தால், 250 ரூபாயில் செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தொடங்கலாம்.

அடுத்த நோம்பிக்கு டி-ஷர்ட்டின் சாயம் வெளுத்திருக்கலாம். பாஸ் புக்கில் ஏறிய தொகை அப்படியே இருக்குமுங்க!