முதுமையின் கொடை

மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் விண்மீன் மடியத் தொடங்குகிறது என்று கற்பிப்பது குறையுடையது. மையத்தைச் சூழ்ந்த ஓட்டில் ஹைட்ரஜன் தொடர்ந்து எரிகிறது. பின்னாளில் அதன் உட்புறத்தே ஹீலிய ஓடும் எரிகிறது. விண்மீன் பருத்துச் சிவக்கிறது.

1952-இல் அமெரிக்க வானியலறிஞர் பால் மெரில் இத்தகைய முதிர்ந்த விண்மீன்களின் ஒளியில் டெக்னீஷியத்தைக் கண்டார். அங்கு விளையும் டெக்னீஷியம்-99 ஏறத்தாழ 2 லட்சம் ஆண்டுகளில் பாதியாகச் சிதைந்துவிடும். விண்மீன்களின் வயதோ அதனினும் பன்மடங்கு மிகுதி. எனவே அத்தனிமம் அங்கேயே புதிதாக விளைந்ததாதல் வேண்டும்.

இவ்வாறு விளைந்தவற்றை முதிய விண்மீன்கள் வெளியில் வீசிவிடுகின்றன. நம் உடலின் கார்பனில் ஒரு பங்கும் அவற்றின் கொடையே. ஆகவே, விண்மீனின் முதுமையை அழிவுக்காலம் என்னாது ஈகைக்காலம் என்றே மாணவர்க்கு உணர்த்துவோமாக!