அளக்கும் நானோ வேறு, தெளிக்கும் நானோ வேறு

நம் கூட்டங்களில் நானோ என்று பேச்செடுத்தாலே, "அதெல்லாம் நமக்கு ஆகாது சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். இன்னொரு பக்கம், புதுசா வந்ததெல்லாம் நல்லதுன்னு நம்புகிறவர்கள். இரண்டுமே சரியில்லை என்பது என் கருத்து.

நானோ என்பது ஓர் அளவு, அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். அந்த அளவுக்குச் சிறுத்தால் பொருளின் குணமே மாறிவிடும்; மஞ்சள் தங்கம் சிவப்பாகத் தெரியும். மருந்துக் கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் விழுகிற சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்க நானோ துகள்தான். பாலில் ஆன்டிபயாடிக் எச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் பட்டையிலும் இதே உத்தி உண்டு.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் வெள்ளி நானோ துகள்களைக் கொண்டு, குடிநீரில் கலந்த எண்டோசல்பான், மாலத்தியான் போன்ற நஞ்சுகளை அகற்றும் வழி கண்டார்கள். 2007-இல் அது வடிகட்டியாகச் சந்தைக்கும் வந்தது. பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் யோசிச்சுப் பாருங்க: வயலில் காசு கொடுத்துத் தெளித்த நஞ்சை, வீட்டில் இன்னொரு காசு கொடுத்து வடிகட்டுகிறோம். தெளிக்காமல் விட்டால் அந்தச் செலவே இல்லை.

வங்கியில் கடன் மனு வந்தால் முதலில் ஒன்று பார்ப்போம்: கொடுத்ததைத் திரும்ப எடுக்க வழி இருக்கா? நானோவுக்கும் அதே கேள்விதான். பட்டையில் இருக்கிற துகள் பட்டையோடு போகும். வடிகட்டியில் இருப்பதைக் கழற்றி எடுக்கலாம். வயலில் தெளித்ததை யார் திரும்ப எடுப்பது? வெள்ளித் துகளின் வேலையே கிருமியைக் கொல்வது. மண்ணுக்குப் போனால், நாம் ஜீவாமிர்தம் ஊற்றி வளர்க்கிற நுண்ணுயிரை மட்டும் விட்டுவிடுமா?

நானோ யூரியா கணக்கையும் பார்ப்போம். 2021-இல் வந்த 500 மில்லி பாட்டிலில் நைட்ரஜன் 4 சதம், அதாவது 20 கிராம். 45 கிலோ மூட்டையில் 46 சதம், அதாவது 20 கிலோவுக்கு மேல். ஆயிரம் மடங்கு வித்தியாசம்! ஒரு பாட்டில் ஒரு மூட்டைக்குச் சமம் என்று சொல்லித்தான் விற்றார்கள். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் இரண்டாண்டுக் கள ஆய்வில், நானோ யூரியாவை நம்பியபோது கோதுமை விளைச்சல் 21.6 சதமும் நெல் 13 சதமும் குறைந்தன. யூரியாவாவது கரைந்து மாறிவிடும். அடுத்து நானோ துத்தநாகம், நானோ தாமிரம் என்று வரிசை கட்டுகின்றன. உலோகம் அப்படி மறைந்துபோகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை வேளாண் சட்டம், செயற்கையாகச் செய்த நானோ பொருள் சேர்ந்த உணவை இயற்கை உணவாக ஏற்பதில்லை. அந்த எச்சரிக்கை நமக்கும் வேண்டும்.

அதற்காக அளக்கும் நானோவையும் சேர்த்துத் தள்ளிவிடக் கூடாது. நஞ்சில்லாக் காய்கறி என்று நாம் சொன்னால், "எப்படி நம்புறது?" என்று வாங்குகிறவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஆயிரக்கணக்கில் செலவு; முடிவு வருவதற்குள் கீரை வாடிவிடும். பூச்சிக்கொல்லி எச்சத்தைக் காட்டும் நானோ பட்டைகளை ஆய்வாளர்கள் செய்துகாட்டியிருக்கிறார்கள். ஒரு பட்டை எல்லா நஞ்சையும் காட்டாது என்பது உண்மை. ஆனாலும் முதல் சல்லடையாக உதவும்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நானோ அறிவியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. நம் வரிப்பணத்தில் நடப்பது. புதுப்புது பாட்டில்களுக்கு முன்னால் எங்களுக்கு மலிவான பட்டையைக் கொடுங்கள் என்று கேட்போம். ஒவ்வோர் உழவர் சந்தையிலும் ஒரு மேசை போட்டு, வாங்குகிறவர் கண்ணெதிரே சோதிக்கட்டும். யார் நஞ்சு தெளித்தது, யார் தெளிக்காதது என்று அங்கேயே ஓரளவு தெரிந்துவிடும். அந்தச் சோதனைக்கு நாம் பயப்பட வேண்டியதில்லை.