ரோட்டுக்கு அடியில் குடிநீர் பைப் கசிந்தால் யார் சரி செய்யணும்? வீட்டுக்காரரா, வாரியமா?

மழை பெய்து பத்து நாள் ஆகியும் கேட்டுக்கு வெளியே தரை ஈரமாகவே இருக்கிறது. சம்ப் நிறைய முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. சில நாட்களில் தண்ணீரில் லேசாகச் சாக்கடை வாடை. பிளம்பரைக் கூப்பிட்டால், "பைப் ரோட்டுக்கு அடியில போகுது சார், அது அவங்க வேலை" என்கிறார். குடிநீர் அலுவலகத்தில் கேட்டால், "அது உங்க கனெக்‌ஷன் பைப், நீங்கதான் மாத்தணும்" என்று பதில் வருகிறது. இந்த இரண்டு பதிலுக்கும் நடுவில் வாரக்கணக்கில் தண்ணீர் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும்.

உண்மையில் யார் பொறுப்பு?

கசிவு எங்கே என்பதைப் பொறுத்தது. தெருவில் போகும் மெயின் பைப்பில் உடைப்பு என்றால் அது முழுக்க வாரியம் அல்லது உள்ளாட்சியின் வேலை. வீட்டுக்காரர் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. காம்பவுண்டுக்கு உள்ளே, சம்ப்பிலோ அங்கிருந்து மாடித் தொட்டிக்குப் போகும் குழாயிலோ கசிவு என்றால், அது வீட்டுக்காரர் செலவு. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சண்டை எல்லாம் நடுவில் இருக்கும் அந்தச் சில அடி தூரத்துக்குத்தான். மெயினில் துளையிட்டு, 'ஃபெரூல்' என்ற பித்தளைத் திருகைப் பொருத்தி, அங்கிருந்து ஒரு சிறிய குழாய் ரோட்டைக் கடந்து வீட்டுக்கு வருகிறது. இதுதான் வீட்டு இணைப்புக் குழாய். பொது நிலத்தில் கிடக்கிறது, ஆனால் ஒரே ஒரு வீட்டுக்காக மட்டும் கிடக்கிறது.

சட்டம் என்ன சொன்னது?

தமிழ்நாட்டின் நகராட்சிகளை ஒரு நூற்றாண்டு காலம் ஆண்டது 1920-ம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம். வீட்டு இணைப்பு வளாகத்துக்கு உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் அது நகராட்சியின் கட்டுப்பாட்டில் இருக்கும், ஆனால் அதைப் பழுது பார்த்து ஒழுங்காக வைத்திருக்கும் செலவு வீட்டு உரிமையாளருடையது என்றது அந்தச் சட்டம். அதாவது கட்டுப்பாடு அவர்களிடம், பில் உங்களிடம். 2023 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்து பழைய சட்டம் போய்விட்டது. ஆனாலும் 'கனெக்‌ஷன் பைப் என்றால் வீட்டுக்காரர் செலவு' என்ற பழக்கம் அலுவலகங்களில் அப்படியேதான் இருக்கிறது.

சிக்கல் இங்கேதான். தன் செலவில் மாற்ற வேண்டிய குழாயை உரிமையாளர் தானாகத் தோண்டிப் பார்க்க முடியாது. ரோட்டை வெட்ட அனுமதி வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. மழைக்காலத்தில் சாலை வெட்டுக்கே தடை போடுவார்கள். பைப்பின் விலை சில நூறு ரூபாயாக இருக்கும். பள்ளம் தோண்டி மூடுவதற்குத்தான் பெரும் பணம். 'கொஞ்சம் கசிஞ்சா கசியட்டும்' என்று விடுபவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

விட்டால் என்ன நஷ்டம்?

சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்கு மீட்டர் கிடையாது. மாதம் ஒரே கட்டணம்தான். எவ்வளவு கசிந்தாலும் பில் ஏறாது. ஆனால் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசிவு என்று வைத்துக்கொண்டால், தினமும் மூன்று மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் தெருவிலேயே 180 லிட்டர் போகிறது. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பதே மத்திய அரசு வைத்திருக்கும் அளவுகோல். 2019-ல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது.

அதைவிடப் பெரிய ஆபத்து உடம்புக்கு. தண்ணீர் வரும்போது அழுத்தம் இருப்பதால் அது ஓட்டை வழியாக வெளியே போகும். சப்ளை நின்றதும் குழாயில் அழுத்தம் குறையும். சுற்றியுள்ள சாக்கடை நீர் அதே ஓட்டை வழியாக உள்ளே வரும். பழைய இரும்புக் குழாய்கள் பல தெருக்களில் மழைநீர் வடிகாலுக்கு உள்ளேயே கடந்து போகின்றன. இதில் யாராவது லைனில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம், அழுக்கையும் சேர்த்து இழுக்கும். அப்படி மோட்டார் வைப்பது சட்டவிரோதமும்கூட.

மற்ற நாடுகளில்?

இங்கிலாந்தில் பொதுவாக வீட்டு எல்லைவரை தண்ணீர் நிறுவனம், எல்லைக்கு உள்ளே உரிமையாளர். அங்கே கசிவைச் சரி செய்யாமல் விட்டால் நிறுவனம் நோட்டீஸ் அனுப்பலாம், தானே சரி செய்துவிட்டுச் செலவை வசூலிக்கலாம். உள்ளே இருக்கும் பைப்பைக்கூட முதல் முறை இலவசமாகச் சரி செய்துதரும் நிறுவனங்கள் உண்டு. வீணாகும் தண்ணீர் அவர்கள் கணக்கில் ஏறுவதால் அது அவர்களுக்கும் லாபம். இங்கேயும் ரோட்டுப் பகுதியை வாரியமே சரி செய்துவிட்டு, செலவைத் தவணையாக வரியோடு வாங்கினால் பாதி இழுபறி தீரும்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

இரவில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, சப்ளை இல்லாத நேரத்தில் சம்ப்பில் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் கோளாறு உள்ளேதான். மட்டம் அப்படியே இருந்து, தண்ணீர் விடும் நேரத்தில் மட்டும் வெளியே ஈரம் கூடினால், வரும் குழாயிலோ மெயினிலோ கசிவு. சென்னை என்றால் 1916-ல் புகார் செய்து எண்ணை வாங்கிக்கொண்டு, பணிமனை அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுப்பது நல்லது. கசிவு மெயினிலா, இணைப்பிலா என்று அவர்கள் வந்து பார்த்துச் சொல்லும் முன் பணம் கட்ட அவசரப்பட வேண்டாம். சாக்கடை வாடை இருந்தால் அதைப் புகாரில் முதல் வரியிலேயே சொல்லுங்கள். அப்போது இது வெறும் கசிவுப் புகார் இல்லை, சுகாதாரப் புகார்.

வாடகை வீடு என்றால், 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி குழாய் மாற்றுவது வீட்டு உரிமையாளர் பொறுப்பு. டேப்பும் வாஷரும்தான் குடியிருப்பவர் தலையில். உரிமையாளர் மறுத்தால், தாமே செய்து செலவை வாடகையில் கழிக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

வடிகால் வேலைக்கோ கேபிளுக்கோ தோண்டியவர்கள் பைப்பை உடைத்துவிட்டால், பள்ளத்தை மூடுவதற்கு முன்பே போட்டோ எடுத்து, ஒப்பந்ததாரர் விவரத்தோடு புகார் கொடுத்துவிட வேண்டும். மேலே தார் போட்ட பிறகு யார் உடைத்தது என்று நிரூபிக்க, மறுபடியும் ரோட்டைத்தான் வெட்டணும்.