‘வழுக்கி விழுந்தாள்’ என்னும் பொய்ச் சாட்சி



எல்லாச் சமூகத்தாரிடமும் உள்ள ஒரு பொய் நம்மிடமும் உண்டு. முல்லா வீதியிலோ சுல்தான்பேட்டையிலோ ஒரு வீட்டில் மருமகளுக்கோ பிள்ளைக்கோ பலத்த அடிபட்டால், மருத்துவமனைக்கு உடன் செல்வோர் முதலில் சொல்வது: “குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். எம்.எல்.சி. போட வேண்டாம், டாக்டர்.” இதைக் குடும்ப மானம் காத்தல் என்கிறோம். மார்க்கத்தில் இதற்குப் பெயர் பொய்ச் சாட்சி.

முதலில் சட்டத்தை அறிவோம். காயத்தின் பின்னால் குற்றம் இருக்கக்கூடும் என்று மருத்துவர் ஐயுற்றால், அதை விபத்துப் பதிவேட்டில் எழுதிக் காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புவதே எம்.எல்.சி. ஜிப்மர், இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, தனியார் மருத்துவமனை எதுவாயினும் சிகிச்சையே முதலில், காகிதம் பிறகு. கார் மோதிய ஸ்கூட்டர் ஓட்டி ஒருவரை, போலீஸ் கேஸ் பார்க்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லித் திருப்பி அனுப்பியதால், அவர் வழியிலேயே இறந்தார் என்ற செய்தியின் பேரில் எழுந்ததே பரமானந்த் கட்டாரா வழக்கு. உயிர் காப்பதே மருத்துவரின் முதற்கடமை என்று 1989-ல் உச்ச நீதிமன்றம் அதில் தீர்ப்பளித்தது.

இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவின்படி, பாலியல் வன்கொடுமைக்கும் அமில வீச்சுக்கும் ஆளானோர்க்கு எல்லா மருத்துவமனைகளும் உடனே இலவசச் சிகிச்சை அளித்துக் காவல் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். மீறினால் மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றமெனில் கடமை இன்னும் விரிவானது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு மருத்துவரை மட்டும் சுட்டவில்லை. அறிந்த எவரும் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. ஜமாஅத் தலைவரும், மத்ரஸா உஸ்தாதும், பெற்ற தகப்பனும் அதில் அடக்கம். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. மராட்டியத்தின் சந்திரபூர் மாவட்டத்தில், விடுதிச் சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமையை அறிந்தும் தெரிவிக்கவில்லை என ஒரு மருத்துவர் மீது வழக்குப் பதிவானது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றமோ 2022 நவம்பரில் அந்த உத்தரவை நீக்கி, அறிந்தும் தெரிவிக்காதிருப்பது கடுமையான குற்றம் என்றது.

“ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று ஹதீஸ் உள்ளதே” என்பர் சிலர். உண்டு. ஆயினும் யாருடைய குறை? தன்னளவில் பாவம் செய்து வெட்கி நிற்பவனுடையது. பிறர் உடம்பில் எலும்பு முறித்தவனுடையது அன்று. ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்களே, தீங்கு தொடர்பவனை மறைத்துக் காப்பது இதில் சேராது என விளக்கியுள்ளார்கள். அநீதமிழைக்கும் சகோதரனுக்கும் உதவச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், அவன் கையைத் தடுப்பதே அவ்வுதவி என்றார்கள். அன்னிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம், தமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராயினும் நீதிக்குச் சாட்சி நிற்கப் பணிக்கிறது. மகனுக்காக மருமகளின் காயத்தைத் திரித்துச் சொல்லும் மாமி, அவ்வசனத்தின் முன் என்ன பதில் வைத்திருக்கிறாள்?

“நோயாளியின் இரகசியத்தைக் காப்பதுதானே மருத்துவ தர்மம்” என்பர் வேறு சிலர். புதுச்சேரிக்கு இது பழைய கேள்வி. பிரெஞ்சுக்காரர்களின் 1810ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 378ஆம் பிரிவு, இரகசியத்தை வெளியிடும் மருத்துவரைத் தண்டித்தது. நல்ல மரபுதான். ஆனால் அந்த இரகசியம் நோயாளியின் உடைமை. அடித்தவனின் கேடயம் அன்று.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. “காவல் நிலையம் போனால் நமக்கு நீதியா கிடைக்கும்?” இவ்வச்சம் வீண் என்று சொல்லமாட்டேன். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலர்களால் தாக்கப்பட்ட ஜெயராஜும் பென்னிக்ஸும் சிறைக்கு அனுப்பத் தகுதியானவர்கள் என மருத்துவச் சான்று பெற்றுச் சிறை சென்றனர். சில நாட்களில் இருவரும் இறந்தனர். இதிலிருந்து பெறும் பாடம், காயத்தைப் பதியாதே என்பதா? காயம் உள்ளபடி எழுதப்படாததால் பயனடைந்தவர் அங்கும் அடித்தவரே. காக்கிச் சட்டைக்காரனின் கொடுமைக்கு எதிராகவும் எளியவனுக்கு இருக்கும் ஆயுதம் மருத்துவரின் உண்மையான குறிப்புதான்.

போலீஸுக்கு அஞ்சிப் பெண்கள் சிகிச்சைக்கே வராமற் போவார்கள் என்ற கவலையும் நியாயமானதே. அதற்கும் வழியுண்டு. கணவனாலோ புகுந்த வீட்டாராலோ அடிபட்ட பெண் புகார் தரவில்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்க முடியாது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி, மருத்துவமனைப் பொறுப்பாளர் உரிய படிவத்தை நிரப்பிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். பரிசோதனை அறிக்கையின் நகலை அவள் கட்டணமின்றிப் பெறலாம். இன்று வழக்கு வேண்டாமென்பவளுக்கு நாளை ஜீவனாம்சத்துக்கோ குலாவுக்கோ பிள்ளைக்கோ அத்தாள் உதவும். ‘வழுக்கி விழுந்தாள்’ என்று எழுதிய தாளோ அவளுக்கே எதிராகப் பேசும்.

ஆகவே, மஹல்லா நிர்வாகிகளே, காயத்தோடு வரும் பெண்ணை முதலில் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். சமரசப் பேச்சு பிறகு. குழந்தைக்கு இழைத்த பாலியல் குற்றத்தில் சமரசத்துக்கே இடமில்லை. பெற்றோரே, மருத்துவர் கேட்கும்போது உங்கள் மகளைத் தனியே பேச விடுங்கள். மருத்துவச் சகோதரர்களே, உங்கள் பேனா ஓர் அமானிதம். உறவினரின் கெஞ்சலுக்காக அதை வளைக்காதீர்கள்.

பெண்களையோ பணியாளரையோ ஒருபோதும் அடித்தறியாத நபியின் உம்மத் நாம். அடித்தவனுக்காகப் பொய் சொல்லும் உம்மத்தாக ஆகிவிடாமல் அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.