கிராணியின் பேனா

ஜார்ஜ் டவுனில் சுகாதார மகாநாடு கூடும்போதெல்லாம் ஆராய்ச்சிச் சுருக்கம் அனுப்புமாறு அழைப்பு வருகின்றது. நோக்கம், முறை, முடிவு என்று பகுத்து, முந்நூறு சொற்களுக்குள், பெரும்பாலும் இங்கிலீஷில் எழுதவேண்டும். இதிலே குற்றமொன்றுங் காணோம். ஈரடியில் அறம் கூறிய பாஷைக்குரிய நாம் சுருக்கத்துக்கு அஞ்சுவதாகச் சொன்னால் உலகம் நகைக்கும். தோட்டத்துப் பெண்ணின் நோயை அச்சுருக்கத்தில் ஏற்றுவது எவர் கை என்பதே நம் கேள்வி.

டாக்டர்கள் எழுதுவார்கள் என்பீர். பாராகுவாட் என்னும் களைக்கொல்லியின் கதையைக் கேளுங்கள். முதுகில் தொட்டி சுமந்து மருந்தடித்த பெண்களுக்கு நகம் கழன்றது. மூக்கில் இரத்தம் கசிந்தது. லயத்தில் இதை அறியாத கிழவியில்லை. தெனகானித்தாவும், பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் அப்பெண்களையே விசாரித்து 2002-இல் அறிக்கை வெளியிட்டன. அவ்வாண்டே சர்க்கார் தடை என்றது. 2006-இல் அதைத் தளர்த்தியது. 2020 ஜனவரியிலேதான் முழுத்தடை வந்தது. பதினெட்டு வருஷம்!

அவ்வளவு காலமும் கிராணிமாராகிய நாம் செய்ததென்ன? செக்ரோலில் 'வரவில்லை' என்று எழுதிச் சம்பளத்தைக் கழித்தோம். எந்த நாளில் எவள் எந்த மருந்தை அடித்தாள், எந்த நாளில் படுத்தாள், எப்போது கிளினிக் சீட்டு கொணர்ந்தாள் என்னும் மூன்று கணக்கும் நம் மேஜையிலே கிடந்தன. அவர்கள் சம்மதம் பெற்று, பெயரை மறைத்து, மூன்றையும் ஒப்பிட்டிருந்தால் அதுவே 'முறை', அதுவே 'முடிவு'. கற்ற இங்கிலீஷையோ துரைக்குக் கடிதமெழுதச் செலவிட்டோம்.

1879-இல் பினாங்கில் பிறந்து, 1911-இல் முக்டன் பிளேக் மகாநாட்டுக்குத் தலைமை வகித்த டாக்டர் ஊ லியென் தேயை இவ்வூரார் புகழ்வதில் சலிப்பதில்லை. அவருக்கு உண்மையைக் காட்டியது ஓர் ஏழைச் சத்திரக்காரியின் பிரேதம் என்பதைச் சொல்வோர் அரியர்.

இன்று தொட்டியில் இருப்பது வேறு மருந்து. சுமப்போரில் பலர் இந்தோனேசியர், வங்காளதேசத்தார். நமக்கென்ன என்பாருமுண்டு. கணக்கெழுதும் கை பழைய கைதானே?

சென்ற மாதம் நாமே ஒரு சுருக்கம் எழுதத் துணிந்தோம். 'எந்த ஸ்தாபனம்?' என்னும் கட்டத்தில் பேனா நின்றது. தோட்டத்தின் பெயரை எழுதினால் வேலை போகும். வெறுமையாய் விட்டாலோ மனு செல்லாது. தம் பெயரையும் சேர்த்துக் கையொப்பமிடத் துணியும் டாக்டர் எவரேனுமிருப்பின், இப்பத்திரிகையின் மூலம் நமக்கு எழுதுக.